மேட்டுப் பகுதிக்கு ஒரு விருப்ப மனு

அந்தக் கடலோர நகரத்தில் வேலை கிடைத்து வருகிறவர்கள் யாராக இருந்தாலும் முதலில் குடியமர்வு வாரியத்தின் படியேற வேண்டும். எந்தப் பகுதியில் குடியிருக்கப் போகிறார்கள் என்று வாரியம் சான்று கொடுத்தால்தான் வீடு. வீடு இருந்தால்தான் வேலையில் சேரலாம். வாரியத்தின் வாசலில் ‘உங்கள் பகுதி, உங்கள் விருப்பம்’ என்று ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கும். அந்த எழுத்துக்கு வண்ணம் மங்காமல் பார்த்துக்கொள்வதற்கென்றே உள்ளே ஒரு பிரிவு இருந்தது. வாரியத்திலேயே வேலை தேங்காத பிரிவு அது ஒன்றுதான்.

அவள் எக்ஸ்ரே எடுப்பவள். வயது இருபத்தாறு. நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வேலை உத்தரவு வந்ததும் சொந்த ஊரில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, அப்பாவையும் கூட்டிக்கொண்டு ரயிலேறினாள். அம்மா போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம். கூடப் பிறந்தவர்கள் யாருமில்லை. அப்பா சிமெண்ட் கிடங்கில் முப்பத்தொரு வருடம் எடை போட்டவர். மூட்டைகள் வெளியே போயின. தூசி அவருக்குள்ளே தங்கிவிட்டது. ஓய்வு பெற்ற மறு வருடம் அவருடைய நெஞ்சை அவளே படம் எடுத்தாள். கழுவி உலர்த்திய படத்தில் இரண்டு பக்கமும் வெள்ளையாகப் பூத்திருந்ததைப் பார்த்துவிட்டு, இருட்டறையிலிருந்து வெளியே வர அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. உலர்ந்த காற்று உள்ள மேடான இடமாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், ஈரக்காற்றில் இரண்டு மழைக்காலம் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இந்த நகரத்தில் அப்படி ஓர் இடம் உண்டு. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும் மேட்டுப் பகுதி. ஆஸ்பத்திரிக்கும் அங்கிருந்து நடந்தே போய்விடலாம். அதை விசாரித்துக்கொண்டுதான் அவள் இந்த வேலைக்கே மனுப் போட்டிருந்தாள்.

புதிதாக வருகிறவர்களுக்கு வாரியம் இருபத்தொரு நாள் தங்க இடம் கொடுத்தது. வாரியக் கட்டடத்தின் அடித்தளத்தில் வரிசையாக அறைகள். ஜன்னல் கிடையாது. சுவர் காலையிலிருந்தே வியர்த்துக்கொண்டிருக்கும். அப்பா முதல் நாள் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அவர் பேச்சைக் குறைத்துப் பல மாதம் ஆகியிருந்தது. ஒரு வாக்கியத்துக்கு நடுவில் மூச்சு வாங்க நின்றால் கேட்கிறவர்கள் முகம் மாறுவது அவருக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை அவள் மேலே வாரிய அலுவலகத்தின் முதல் ஜன்னலில் மனுவை நீட்டினாள். ‘ஏன் இந்தப் பகுதி?’ என்ற கேள்விக்கு, ‘அப்பாவுக்கு மூச்சுத்திணறல். உலர்ந்த காற்று வேண்டும்’ என்று எழுதியிருந்தாள். சாட்சிக்கு எக்ஸ்ரே படத்தையும் பெரிய உறையில் வைத்திருந்தாள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தர் படத்தைத் தலைகீழாகப் பிடித்து, வெளிச்சத்தில் காட்டி, மரியாதையோடு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“இது தேவைங்க. நாங்க விருப்பத்தை மட்டும்தான் பார்க்கறோம்.”

தேவையை யார் பார்ப்பார்கள் என்று கேட்டாள். அதற்குத் தனித் துறை வருகிறது, கட்டடம் இன்னும் முடியவில்லை என்று சொல்லி அவர் வெளியே கை காட்டினார். எதிரே நான்கு தூண்கள் நின்றன. தூண்களின் தலையில் கம்பிகள் துருப்பிடித்து வளைந்திருந்தன. ஒரு தூணில் ஒருவர் சட்டையைக் காயப்போட்டிருந்தார்.

அவள் புதுப் படிவம் வாங்கி, ‘அங்கிருந்து பார்த்தால் நகரம் அழகாகத் தெரியும்’ என்று எழுதிக் கொடுத்தாள். எழுத்தருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இதுதான் விருப்பம் என்பது, இப்படித்தான் எழுத வேண்டும் என்று பக்கத்து ஜன்னல்காரருக்கும் எடுத்துக் காட்டினார்.

அடுத்த படி, பகுதி அறிமுக வகுப்பு. நான்கு நாள். திரை போட்ட மண்டபத்தின் நடுவில் நகரத்தைச் சுண்ணாம்பில் செய்து வைத்திருந்தார்கள். கடலுக்கு நீல வண்ணம், மேட்டுக்குப் பச்சை. மாதிரி நகரத்தில் உப்பளப் பகுதி கடலிலிருந்து ஒரு சாண் தள்ளியிருந்தது. நிஜத்தில் கடல் எப்போதோ அந்த ஒரு சாணையும் தாண்டி வந்துவிட்டதாக ஒருவர் சொல்லப்போக, மாதிரி செய்யப்பட்ட வருடத்தில் கடல் இருந்த இடம்தான் அங்கீகரிக்கப்பட்ட கடல் என்று வகுப்பு எடுத்த ஆலோசகர் பதில் சொன்னார். அதற்கு அப்புறம் வந்த தண்ணீர் வாரியத்தின் கணக்கில் இல்லை.

ஆலோசகர் ஐம்பது வயதுப் பெண்மணி. தேன் தடவின மாதிரி பேசுவார். எல்லாரையும் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, எந்தப் பகுதி உங்களைக் கூப்பிடுகிறது என்று கேட்டார். நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று அவள் கேட்டாள். அந்த அம்மா வருத்தப்பட்டார்.

“நேர்ல பார்த்தா மனசு ஒரு பக்கமா சாஞ்சிடும்மா. எதையும் பார்க்காம தேர்வு செய்யறதுதான் சுத்தமான தேர்வு. எங்க வாரியத்துல இதுவரைக்கும் யாரும் பார்த்துட்டுத் தேர்வு செஞ்சதில்ல. அதனாலதான் ஒரு புகார்கூட வர்றதில்ல.”

புகார் கொடுக்கும் ஜன்னல் எங்கே இருக்கிறது என்று பின் வரிசையில் ஒருவர் கேட்டார். புகாரே வராததால் அதை மூடிவிட்டதாக ஆலோசகர் சொன்னார்.

எட்டாம் நாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. அப்பாவுக்கு இருமல் முற்றியிருந்தது. பக்கத்து அறைக்காரர்கள் சுவரைத் தட்டினார்கள். வகுப்புக்குப் போகாமல் அவரைக் கூட்டிக்கொண்டு மேட்டுப் பகுதிக்குப் பேருந்து ஏறினாள். கடைசி நிறுத்தத்தில் இறங்கி, ஒரு சிமெண்ட் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். காற்று காய்ந்துபோய், வெதுவெதுப்பாக வந்தது. கால் மணி நேரத்தில் அப்பா பேச ஆரம்பித்தார். கிடங்கில் ஒரு முதலாளி எடை மேடையில் தானே ஏறி நின்று தராசு பொய் சொல்கிறது என்று சண்டை பிடித்த கதை. அவளுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் மூச்சு வாங்காமல், ஒரே தொடராக, முதலாளியின் குரலில் ஏற்ற இறக்கத்தோடு அவர் சொல்லி முடித்ததை அவள் வருடக்கணக்காகக் கேட்டதில்லை. சிரிப்பு வந்தபோது அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள், கண் கலங்கியிருந்தது.

திரும்பும்போது தெருவுக்குள் நடந்து பார்த்தார்கள். மூன்று வீட்டுக்கு இரண்டு வீடு பூட்டிக் கிடந்தது. பூட்டுகளின் மேல் வாரியத்தின் அரக்கு முத்திரை. ஒரு வீட்டின் கம்பிக் கதவு வழியாக அப்பா உள்ளே எட்டிப் பார்த்து, இரண்டு அறை இருக்கிறது என்றார்.

பேருந்து நிறுத்தத்தில் அவர்களைப் பார்த்த வாரியக் காவலர் அன்று சாயங்காலமே எழுதிக் கொடுத்துவிட்டார். அவளுடைய கோப்பின் மேல் சிவப்பு மையில் ‘பாரபட்சம்’ என்று முத்திரை விழுந்தது. விசாரணைக்குப் பதினான்காம் நாள் வரச் சொன்னார்கள்.

விசாரணை அறையில் நீண்ட மேசைக்குப் பின்னால் ஐந்து பேர். நடுவில் இயக்குநர். நல்ல மனிதர் மாதிரி இருந்தார். எழுந்து நின்று, உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தார். காற்று, நுரையீரல், இரண்டு மழைக்காலம் என்று அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அத்தனை வீடு பூட்டிக் கிடப்பதையும் சொன்னாள். இயக்குநர் குறுக்கே பேசாமல் கேட்டார். ஐந்து பேரும் தலையாட்டினார்கள்.

“நீங்க சொல்றது எனக்குப் புரியுது. மேட்டுப் பகுதியோட சராசரி வயசு இருபத்தொன்பது. நாட்டுல வேற எந்த ஊர்லயும் இப்படி ஒரு பகுதி கிடையாது. வெளியூர்லேர்ந்து வந்து பார்த்துட்டுப் போறாங்க. இதை எப்படிக் காப்பாத்தறோம்? பூட்டி வச்சுத்தான். ஆள் இல்லாத வீட்டுக்கு வயசு ஏறாது பாருங்க. உங்கப்பா ஒருத்தர் உள்ள வந்தா சராசரி நகர்ந்துடும். அவரோட மூச்சைப் பத்தி எங்களுக்கு அக்கறை இல்லாம இல்ல. அக்கறைக்கு மேல ஒரு கொள்கை இருக்கு, அவ்வளவுதான். நீங்க மட்டும்னா இன்னிக்கே சாவி தர்றேன். கூட அப்பா இருக்கறதால உங்க விருப்பம் உப்பளப் பகுதி.”

தன் விருப்பம் அது இல்லை என்றாள் அவள்.

“அதுக்குத்தான் விருப்பத்தை மாத்திக்கற படிவம் வச்சிருக்கோம்” என்றார் இயக்குநர். “நாங்க யார்மேலயும் எதையும் திணிக்கறதில்ல.”

ஊருக்கே திரும்பிவிடலாம் என்று அன்றைக்கு அவள் முடிவு செய்தாள். பழைய ஆஸ்பத்திரிக்குப் பேசினாள். அவளுடைய இடத்துக்கு ஆள் போட்டாகிவிட்டது. வீட்டுக்காரரிடம் பேசினாள், அங்கே வேறொரு குடும்பம் பால் காய்ச்சிவிட்டது. புது ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸைப் பார்த்து இன்னும் இரண்டு வாரம் பொறுக்க முடியுமா என்று கேட்க, பதினெட்டாம் நாள் போனாள். இருபத்தொன்றாம் நாளுக்குள் சான்று வராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடத்தான் வேண்டும், என் கையில் ஒன்றும் இல்லை என்று அந்த நர்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

விடுதிக்குத் திரும்பியபோது அப்பா அறையில் இல்லை. மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் பேனா. கட்டை விரலில் ஊதா மை.

அவர் தனியாக ஆலோசகர் அம்மாவைப் போய்ப் பார்த்திருந்தார். உறவு விடுவிப்புப் படிவம் என்று ஒன்று இருப்பதை அந்த அம்மாதான் சொல்லியிருந்தார். பிள்ளையைச் சார்ந்திருப்பவர், தான் அந்தப் பிள்ளைக்கு எந்த உறவும் இல்லை என்று கையெழுத்துப் போட்டு ரேகை வைத்தால் போதும். பிள்ளை தனி மனுதாரர் ஆகிவிடுவாள். பெரியவரும் தனி மனுதாரர். அவரவருக்கு அவரவர் விருப்பம். மூத்தவர்களின் விருப்பத்தை வாரியம் ஏற்கெனவே ஆராய்ந்து வைத்திருந்தது. அவர்களுக்குக் கடல் பிடிக்கும். ஆகையால் உப்பளப் பகுதியில் அவர்களுக்கென்றே ஒரு வளாகம் இருந்தது.

“படிச்சுப் பார்க்காம போட்டுட்டீங்களாப்பா?”

“படிச்சுட்டுத்தான் போட்டேன்.” கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார். “நீ எடுத்த படத்தை நானும்தானே பார்த்தேன் அம்மாடி. எனக்கு எங்க இருந்தா என்ன. நீ வேலையில சேரு. அப்பப்ப வந்து பார்த்துட்டுப் போ.”

அவள் மேலே ஓடினாள். ஆலோசகர் அறை பூட்டும் நேரம். படிவத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்றாள். தாராளமாகப் பெறலாம் என்றார் ஆலோசகர். இரண்டு பேரும் உறவினர்கள் என்ற முறையில் சேர்ந்து மனுக் கொடுக்க வேண்டும். ஆனால் நீங்கள் இருவரும் இப்போது உறவினர்கள் இல்லையே என்று சொல்லி, சாவிக்கொத்தைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அவர் கண்ணில் நிஜமாகவே நீர் இருந்தது. இந்தப் படிவத்தைக் கொடுக்கும்போதெல்லாம் தனக்கு இப்படித்தான் ஆகிவிடுகிறது என்றும், அதற்காக வாரியத்தில் மாதம் ஒரு நாள் விடுப்புத் தருகிறார்கள் என்றும் சொன்னார்.

இருபதாம் நாள் அவளுக்கு மேட்டுப் பகுதிச் சான்றும் சாவியும் வந்தன. இரண்டு அறை வீடு. அப்பாவை வாரியத்தின் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கூடப் போக அவள் ஏறியபோது, உறவினர் மட்டும் ஏறலாம் என்று ஓட்டுநர் இறக்கிவிட்டார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் துவைத்த போர்வையும் மருந்தும் எடுத்துக்கொண்டு மூத்தோர் வளாகத்துக்குப் போனாள். கடல் பொங்கும் நேரத்தில் வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். வாசல் காவலர் மேசையை இரண்டு கல்லின் மேல் ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வயதானவர். பதிவேட்டை அவள் பக்கம் திருப்பினார். ‘உறவு’ என்ற இடத்தில் மகள் என்று எழுதப் போனவளை நிறுத்தி, சான்று இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். நடந்ததைச் சொன்னாள். அவர் இந்தக் கதையை முன்னமே பலமுறை கேட்டவர் போல, ஆச்சரியப்படாமல் கேட்டார்.

“மகள்னு எழுதினா சான்று கேப்பாங்கம்மா. அந்நியர்னு எழுதுங்க. அந்நியருக்குத் தடையே இல்ல. வாரியத்துல அதுக்கு ஒரு திட்டமே இருக்கு.”

அவள் தயங்கினாள். பதிவேட்டில் மேலே பார்த்தாள். அந்நியர், அந்நியர், அந்நியர் என்று பக்கம் நெடுக எழுதியிருந்தது. பல கையெழுத்துகள். அவளும் எழுதினாள்.

அப்பாவின் அறை தரைத் தளத்தில் இருந்தது. சுவரில் உப்புப் பூத்து உதிர்ந்து கட்டிலின் கீழே மாவு கொட்டினது போல் கிடந்தது. போர்வை எப்போது தொட்டாலும் ஈரம். மேட்டு வீடு எப்படி இருக்கிறது என்று அவர் ஒவ்வொரு தடவையும் கேட்பார். காற்று வருதா என்பார். இரண்டாவது அறையில் என்ன போட்டிருக்கிறாய் என்பார். கட்டில் போட்டிருக்கிறேன் என்று அவள் சொல்வாள். நிஜமாகவே போட்டிருந்தாள், மெத்தைகூட வாங்கிப் போட்டிருந்தாள். வளாகத்தில் ஒரு நர்ஸ் உண்டு. எல்லாருக்கும் ஒரே மருந்து, சிவப்புப் புட்டியில். அவள் கொண்டுவரும் மாத்திரைகளை அப்பா தலையணை உறைக்குள் வைத்துக்கொள்வார். அந்நியர் கொடுத்த மருந்தை வாங்கிக்கொள்ள வளாகத்தில் அனுமதி இல்லை.

ஒரு ஞாயிறுகூட அவள் விடவில்லை. மழை பிடித்துக்கொண்டபோது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்து போனாள். எட்டு மாதத்தில் அப்பா ஒரு வாக்கியத்தை மூன்றாக உடைத்துப் பேசுகிற நிலைக்கு வந்திருந்தார்.

அப்போதுதான் வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. அன்புக் கரம் திட்டத்தின் கீழ் அந்த வருடத்தின் சிறந்த அந்நியராக அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பதிவேட்டை வைத்து எண்ணியிருந்தார்கள், அவள்தான் முதலிடம். விழாவுக்கு வராவிட்டால் வருகை உரிமை ரத்தாகும் என்று கடைசி வரியில் இருந்தது.

விழா முற்பகல் பதினொரு மணிக்கு. திரை போட்ட அதே மண்டபம். சுண்ணாம்பு நகரத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். அவளை மேடையில் உட்கார வைத்தார்கள். இயக்குநர் எழுதிய தாள் எதுவும் இல்லாமல், மனசிலிருந்தே பேசினார்.

“இன்னிக்கு உலகம் எப்படிப் போயிட்டிருக்கு? பெத்த பிள்ளைங்களே அப்பா அம்மாவை எட்டிப் பார்க்கறதில்ல. எங்க வளாகத்துல நூத்து நாப்பது பெரியவங்க இருக்காங்க. போன வருஷம் மகன்னோ மகள்னோ ஒருத்தர் வந்து பதிவேட்டுல கையெழுத்துப் போடல. ஒருத்தர்கூட. அந்தக் கணக்கைப் பார்த்தப்ப எனக்கு அன்னிக்குச் சாப்பாடு இறங்கல. ஆனா இந்தப் பொண்ணைப் பாருங்க. ரத்த சம்பந்தம் இல்ல, ஒரு உறவும் இல்ல. மழையில தண்ணியில நடந்து வந்து, யாரோ ஒரு பெரியவருக்குத் துணி துவைச்சுப் போட்டிருக்கு. உறவுங்கறது ஒரு சுமை, அதை எடுத்துட்டா அன்பு தானா வரும்னு எங்க வாரியம் ஆரம்பத்துலேர்ந்து சொல்லிக்கிட்டு இருக்கு. இதோ சாட்சி.”

கைத்தட்டல் அடங்க நேரமானது. கேடயத்தைப் பயனாளியின் கையாலேயே கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. அப்பாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். யாருடைய சட்டையையோ போட்டுவிட்டிருந்தார்கள். கழுத்துப் பட்டை இரண்டு விரல் விலகி நின்றது. மேடை வெளிச்சத்தில் அவர் தோள் எலும்புக்கு மேலே ஒவ்வொரு மூச்சுக்கும் குழி விழுவதை அவள் பார்த்தாள். படம் எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியம் அவளுக்கு இருக்கவில்லை.

உங்களைத் தேடி வந்த இந்த அந்நியரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்று ஆலோசகர் அம்மா ஒலிவாங்கியை அவர் வாயருகே பிடித்தார். மூச்சு மட்டும் மண்டபம் முழுக்கக் கேட்டது. இயக்குநர் பொறுமையாகக் காத்திருந்தார்.

“நல்ல பொண்ணு,” என்றார் அப்பா. மூச்சு வாங்கிக்கொண்டார். “யார் பெத்த பொண்ணோ.” இன்னொரு முறை வாங்கிக்கொண்டார். “பெத்தவன் குடுத்து வச்சவன்.”

மண்டபம் எழுந்து நின்று தட்டியது. முதல் ஜன்னல் எழுத்தர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். கேடயத்தை வாங்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மரக் கேடயத்தின் அடியில் அவருடைய விரல்கள் அவள் விரல்களை இறுக்கிப் பிடித்திருந்தன. மேலே இருந்து பார்த்தவர்களுக்கு, பெரியவர் கேடயத்தை விட மனசில்லாமல் வைத்திருப்பது போலத்தான் தெரிந்தது.

நேரமாகிறது, அடுத்த பரிசு இருக்கிறது என்று ஆலோசகர் காதருகே சொன்னார். பிறகு அவரே குனிந்து, பெரியவருடைய விரல்களை ஒவ்வொன்றாக, நோகாமல், பிரித்து எடுத்தார்.